குருநாகலுக்குப் போன சட்டமூலங்கள்

சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு கற்பிட்டியில் பிறந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலுக்காக அவரை இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். 1838இல் அவர் இலங்கைச் சட்டநிரூபண சபைக்குத் தமிழ் உறுப்பினராக நியமிக்கப்பட்டு 1845 வரை அங்கே இருந்தார் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தியல்ல. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து சட்டமியற்றும் அவையொன்றில் போய் அமர்ந்தவர்களில் முந்தியவர் அவர்.

1833இல் தொடங்கிய அந்தச் சபையில் மொத்தம் 16 பேர். ஆளுநரும் அவருடைய அதிகாரிகளுமாகப் பத்துப் பேர். உத்தியோகப்பற்றற்றவர்கள் ஆறு பேர். அந்த ஆறிலும் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூன்று இடங்கள் சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று ஆளுக்கொன்றாகப் பிரிந்தன. முஸ்லிம்களுக்கு இடம் கிடைக்க 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குச்சீட்டு என்ற ஒன்றை அப்போது எவரும் கண்டதில்லை. ஆளுநர் யாரை விரும்பினாரோ அவரே பிரதிநிதி. சட்டமூலத்தைக் கொண்டுவரும் உரிமையும் ஆளுநருக்கு மட்டுமே இருந்தது. பிறர் பேசலாம், எதிர்க்கலாம், ஆனால் பத்துக்கு ஆறு என்ற கணக்கு மாறாது. நிறைவேறிய கட்டளைச் சட்டம் கப்பலேறி இலண்டனுக்குப் போகும். முடியரசு விரும்பாவிட்டால் அது அங்கேயே செத்துவிடும். அடிமை முறையை ஒழித்த 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காசிச்செட்டி உறுப்பினராக இருந்த காலத்தில்தான் வந்தது. கற்பிட்டியில் வலை இழுத்தவனுக்கோ புத்தளத்தில் உப்பு வாரியவனுக்கோ அந்த வரைவு எந்த வடிவில் உள்ளே போனது, எந்த வடிவில் வெளியே வந்தது என்று அறிய வழியில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. சட்டம் அமுலுக்கு வந்த பிறகுதான் அப்படியொன்று இருப்பதே ஊருக்குத் தெரியவரும்.

1845இல் வடமேல் மாகாணம் உருவானபோது அதன் முதல் தலைநகராக இருந்தது புத்தளம். சில ஆண்டுகளில் அந்தச் சிறப்பு உள்நாட்டுக்கு, குருநாகலுக்குப் போய்விட்டது. கடற்கரையிலிருந்து தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தொலைவு. கதையின் பெரும்பகுதி அந்தச் சாலையில்தான் நடக்கிறது.

இன்றைய நிலையை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சின்னதல்ல. சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பாகவே வர்த்தமானியில் வந்துவிட வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். ஏத்தாளையில் மிளகாய்ச் செய்கை செய்கிற ஒருவர் வாடியில் உட்கார்ந்தபடியே கைபேசியில் அதைத் திறந்து வாசிக்க முடியும். பிடிக்கவில்லையென்றால் அது சபையில் சமர்ப்பிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் அரசமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இந்த உரிமை கட்சித் தலைவருக்கு மட்டும் உரியதல்ல, எந்தக் குடிமகனுக்கும் உண்டு. காசிச்செட்டிக்கே கிடைக்காத வசதி இது.

ஆனால், மொழி விஷயத்தில் ஒரு சிறு வாசகம் எல்லாச் சட்டமூலங்களின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அதன் பொருள். படிக்கத் தமிழ், தீர்ப்புக்குச் சிங்களம். ஒன்றுமே கிடைக்காத காலத்தோடு ஒப்பிட்டால் இதுவும் பேறுதான். அந்த வாசகத்தைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் கண் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

இந்த வாசகத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. அந்த வேரின் அருகில் புத்தளத்துக்காரர் ஒருவரே உட்கார்ந்திருந்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947இல் பிரதிநிதிகள் சபை வந்தது. அதில் புத்தளம் தொகுதிக்கு எச்.எஸ். இஸ்மாயில் தெரிவானார். 1956 ஏப்ரலில் அவர் சபாநாயகரானார். இரண்டு மாதங்கூட ஆகவில்லை, ஜூன் 5ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் அவருடைய ஆசனத்துக்கு முன்னால் வந்து நின்றது. வெளியே காலிமுகத்திடலில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கினார்கள். உள்ளே தமிழ் பேசும் ஒரு கரையோரத் தொகுதியின் உறுப்பினர் நாட்டின் மிக உயர்ந்த சட்டமியற்றும் ஆசனத்தில் இருந்தார். சபாநாயகர் விவாதத்தில் பேசுவதில்லை. வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தால் தவிர வாக்களிப்பதும் இல்லை. அந்தச் சட்டமூலத்தில் வாக்குகள் சமமாகப் பிரியும் வாய்ப்பே இருக்கவில்லை. புத்தளம் அதுவரை எட்டிய உயரங்களில் எல்லாம் பெரிய உயரம் அது. அந்த உயரத்தில் இருந்தவர் இந்த ஒரு விடயத்தில் வாய் திறக்க விதி இடந்தரவில்லை. அவருடைய மனதில் என்ன ஓடியது என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. விதியின் அமைப்பே போதுமான அளவு பேசுகிறது.

அந்தக் காலச் சட்டமூலத்துக்குக் கடக்க வேண்டிய படிகள் இன்றையதைவிட அதிகம். பிரதிநிதிகள் சபை முடிந்ததும் செனட் சபை; அங்கே முப்பது பேர், பாதிப் பேர் பிரதிநிதிகள் சபையால் தெரிவானவர்கள், பாதிப் பேர் நியமனம் பெற்றவர்கள். அதன் பிறகு மகாதேசாதிபதியின் ஊடாக அரச அங்கீகாரம். 1971இல் செனட் போனது. 1972இல் முடியும் போனது. இப்போது ஒரே அவை, அதன் முடிவில் சபாநாயகரின் கையொப்பம், அவ்வளவுதான். அந்தக் கையொப்பம் விழுந்துவிட்டால் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது கேட்டால் உண்டு, சட்டமான பிறகு கேட்டால் இல்லை. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே மறுபடி தேவைப்படும்.

கொழும்புக்கும் இலண்டனுக்கும் அப்பால், இந்தக் கரைக்கென்று ஒரு சட்டமூலம் இந்த மாகாணத்துக்குள்ளேயே பிறக்கலாம் என்ற நிலை 1987 நவம்பரில் வந்தது. பதின்மூன்றாவது திருத்தமும் அந்த ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. திருத்தச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் ஆராய்ந்து, ஏறத்தாழ நடுவாகப் பிளந்து நின்றார்கள். 1988 ஏப்ரல் 28ஆம் திகதி வடமேல் உள்ளிட்ட நான்கு மாகாணங்களில் முதல் தேர்தல் நடந்தது. சிறீலங்கா சுதந்திரக் கட்சி ஒதுங்கிக்கொண்டது. வாக்களித்தால் சுடுவோம் என்று ஜே.வி.பி. மிரட்டியது. காமினி ஜயவிக்ரம பெரேரா முதலமைச்சரானார்.

சபையில் 52 ஆசனங்கள். குருநாகல் மாவட்டத்துக்கு 34, புத்தளத்துக்கு 16, வென்ற கட்சிக்கு மேலதிகமாக இரண்டு. கடற்கரை மாவட்டம் என்றைக்கும் மூன்றில் ஒன்றைத் தாண்டாது. அந்தப் பதினாறிலும் சிலாபம், வென்னப்புவ, நாத்தாண்டிய, ஆனமடுவ எல்லாம் போகப் புத்தளம், கற்பிட்டி, உடப்பு, முந்தல் பக்கத்துத் தமிழ் பேசுவோருக்கு எத்தனை மிஞ்சும் என்பது ஒவ்வொரு தேர்தலிலும் ஊருக்குள் விரல் மடக்கி எண்ணிய கணக்கு. சபையைப் பற்றி நினைக்கும்போது இந்தச் சிறுமையை மறந்துவிட்டு ஏங்குவது நேர்மையாகாது.

மாகாண சபை ஆக்கும் சட்டத்துக்கு நியதிச் சட்டம் என்று பெயர். அது அங்கே போகும் வழி பாராளுமன்ற வழியைவிடக் குறுகியது. அமைச்சர் முன்வைப்பார், சபை விவாதித்து நிறைவேற்றும், பிறகு அது ஆளுநரின் மேசைக்குப் போகும். ஆளுநர் அங்கீகரிக்கலாம், மீள ஆராயும்படி திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒன்றில் கையொப்பமிட வேண்டும், அல்லது ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் ஒன்றைப் பற்றி, நாட்டின் பழைய சட்டத்துக்கு முரணாகத் தன் நியதிச் சட்டம் வருகிறது என்று அதன் நெடுந்தலைப்பிலேயே சபை சொல்லிவிட்டால், அந்தப் பழைய சட்டம் அந்த மாகாணத்தில் மட்டும் உறங்கிப்போகும். பாராளுமன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய அது எழும்பாது. இந்த ஏற்பாட்டை உள்ளபடி பயன்படுத்திய சபைகள் மிகக் குறைவு. வடமேல் சபை பயன்படுத்தியது. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச் சட்டம் அதுதான். 1980இன் தேசியச் சுற்றாடல் சட்டம் நாடு முழுவதும் ஆண்டுகொண்டிருக்க, சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் குருநாகலுக்கும் மட்டும் தனியொரு சட்டமும் தனியொரு மாகாணச் சுற்றாடல் அதிகாரசபையும் கிடைத்தன. இன்றுவரை வேறெந்த மாகாணத்துக்கும் அப்படியொன்று இல்லை.

அது வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். எண்பதுகளில் சிலாபத்தில் தொடங்கிய இறால் வளர்ப்பு முந்தல் களப்பைத் தாண்டிப் புத்தளம் களப்பின் ஓரம்வரை ஏறிக்கொண்டிருந்தது. கண்டல் காடும் உப்புச் சேற்று நிலமும் வெட்டிக் குளங்களாயின. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயிலிருந்து ஒரு பண்ணை தண்ணீர் எடுக்கும். அதே கால்வாயில் அடுத்த பண்ணை தன் கழிவுநீரைத் திறந்துவிடும். முன்பு யார் கேட்பது என்பதே தெரியாது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்க்கவேண்டும். 1990க்குப் பின் கேட்பதற்குக் குருநாகலில் ஓர் அலுவலகம் இருந்தது. அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும், பெரிய திட்டமானால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். இது லாபம்.

நட்டம் என்னவென்றால், கேட்பதற்கு ஆள் இருந்தும் கேள்வி தவறான இடத்தில் நின்றது. நாட்டின் ஒழுங்குவிதிகள் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்பைத்தான் மதிப்பீட்டுக்குள் இழுக்கின்றன. அதற்குக் கீழே பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அனுமதியே இல்லாதவையும் ஏராளம். ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே பார்த்த சட்டத்துக்கு, எல்லாக் குளங்களும் ஒரே கால்வாயில் மூச்சுவிடுகின்றன என்பதைப் பார்க்க இடமிருக்கவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தக் கால்வாய் வழியாகவே பண்ணைக்குப் பண்ணை பரவியது. கைவிடப்பட்ட குளங்கள் முந்தல் வீதியின் இருபுறமும் இன்றும் காய்ந்து கிடக்கின்றன. மாகாணச் சட்டம் இருந்தது, அதுவும் போதவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு வித்தியாசம் அன்று இருந்தது. சட்டம் போதவில்லையென்று கண்டவர், அதைத் திருத்தக்கூடிய 52 பேரில் ஒருவரைப் பாலாவிச் சந்தியில் நிறுத்தி வைத்துக் கேட்க முடிந்தது.

கொழும்பில் பிறந்த சட்டமூலமும் குருநாகலுக்கு வரவேண்டியிருந்தது என்பது அந்த ஆண்டுகளின் இன்னொரு காட்சி. மாகாணப் பட்டியலில் உள்ள விடயமொன்றைத் தொடும் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் எடுப்பதற்கு முன், எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் ஜனாதிபதி கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்படும். நீண்ட காலம் யாரும் கவனியாத இந்த விதி 2012இல் வறுமை ஒழிப்புக்கென வந்த திவிநெகும சட்டமூலத்தோடு விழித்துக்கொண்டது. சபைகளிடம் கேட்காமல் அதை ஒழுங்குப் பத்திரத்தில் சேர்த்தது தவறென்று பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க தலைமையிலான உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பயணமானது. வடமேல் உட்பட, தேர்தலால் அமைந்த எட்டுச் சபைகளும் ஆமோதித்தன. வடக்கில் அப்போது சபை இல்லை. ஆளுநர் கொடுத்த சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று நீதிமன்றம் மறுபடி சொன்னது. பிரதம நீதியரசர் 2013 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாகத் திவிநெகும நிறைவேறியது.

எட்டுச் சபைகளும் கையுயர்த்திய விதத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். கொழும்பில் ஆண்ட கட்சியே மாகாணத்திலும் ஆண்டால் கேள்வி எங்கிருந்து வரும்? வறுமை ஒழிப்பு அதிகாரம் தன் கையைவிட்டுப் போவதற்குத் தானே ஒப்பமிட்ட சபை என்று பார்த்தால் சிரிப்பும் நியாயம். ஆனால் ஒன்று நடந்தது. சட்டமூலம் குருநாகலுக்கு வந்தது, மேசையில் வைக்கப்பட்டது, எதிர்க்க விரும்பியவர் எழுந்து எதிர்க்க முடிந்தது. 2013 செப்டெம்பரில் கடைசியாகத் தெரிவான சபையில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 34 ஆசனங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 12, ஜனநாயகக் கட்சிக்கு 3, முஸ்லிம் காங்கிரசுக்கு 2, அகில இலங்கை மக்கள் காங்கிரசுக்கு 1. எழுந்து நின்று பேச முஸ்லிம் கட்சிகளின் அந்த மூன்று பேர் போதும்.

கொழும்புப் பக்கத்தில் இதே காலத்தில் உண்மையான முன்னேற்றங்கள் நடந்தன. 1978இன் அரசமைப்பில் ‘அவசர சட்டமூலம்’ என்றொரு வழி இருந்தது. அமைச்சரவை அவசரம் என்று முத்திரை குத்திவிட்டால், வர்த்தமானியில் ஊருக்குக் காட்டத் தேவையில்லை. உயர் நீதிமன்றம் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஜனாதிபதியின் இருமுறை வரம்பை நீக்கிய பதினெட்டாவது திருத்தம் 2010இல் அந்த வழியாகத்தான் போனது. 2015இல் அந்தக் கதவு மூடப்பட்டது. 2020இல் பாதி திறந்தது. 2022இல் மீண்டும் மூடப்பட்டது. ஏழு நாள் அறிவித்தல் பதினான்கானதும் அந்த மாற்றங்களோடுதான்.

கரையோரத்துக்கு நெருக்கமான நல்ல உதாரணம் இழுவைமடிச் சட்டமூலம். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் வரைவைப் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தார். தனிநபர் சட்டமூலங்கள் பெரும்பாலும் அமைச்சரின் அறிக்கைக்காகக் காத்திருந்து, பாராளுமன்றம் கலையும்போது கூடவே கலைந்துபோகும். இது கலையவில்லை. 2015இல் வர்த்தமானிக்கு வந்தது 2017 ஜூலை 6ஆம் திகதி நிறைவேறி, அந்த ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமானது. இரண்டு ஆண்டுவரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாவரை தண்டம். மீனவர் சங்கங்கள் அதன் வரைவை வாசித்தன, பேசின, சண்டையிட்டன, ஆதரித்தன. 1940இன் மீன்பிடிக் கட்டளைச் சட்டமோ 1996இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமோ இப்படி ஊர்வாயில் அரைபட்டு வந்தவையல்ல. திறந்த வழியில் வரும் சட்டமூலம் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகள் சாட்சி.

அதே 2017இல், அந்த ஜூலைக்குப் பின் பதினொரு வாரத்தில், இன்னொரு சட்டமூலம் வந்தது. மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம். வர்த்தமானியில் அது மெலிந்தது, நல்ல நோக்கமுடையது: வேட்பாளர் பட்டியலில் 30 வீதம் பெண்கள் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் நுழைந்தன. விகிதாசார முறை போய்ப் பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற கலப்பு முறை வந்தது. தொகுதிகளுக்கு எல்லை நிர்ணயித்து அந்த அறிக்கையைப் பாராளுமன்றம் ஏற்கும்வரை தேர்தல் நடத்த முடியாத நிலையும் கூடவே வந்தது. 159 பேர் ஆதரித்தார்கள், 37 பேர் எதிர்த்தார்கள். சபாநாயகர் சான்றுரைத்தார். மேலே சொன்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது: மனுப் போடும் காலத்தில் அந்தப் பக்கங்கள் இல்லை; அவை இருந்த காலத்தில் மனுப் போட வழியில்லை.

கைபேசியில் சட்டமூலம் வாசிக்கிற காலத்தைப் பற்றிப் பெருமைப்படும்போதெல்லாம் இந்த ஒரு நாள் என் நினைவில் குறுக்கே வந்து நிற்கிறது. வர்த்தமானியில் ஊர் பார்த்தது ஒன்று; சபையில் நிறைவேறியது வேறொன்று. அன்று ஆளுநர் மறைத்தே செய்தார், மறைக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிட்டு உள்ளிருப்பதை மாற்றிவிட முடிகிறது.

எல்லை நிர்ணய அறிக்கை 2018 மார்ச்சில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்பு. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிராக வாக்களித்தார். பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது. இரண்டு மாதத்தில் தரவேண்டிய அறிக்கையை அது தரவில்லை. பழைய முறைப்படி தேர்தல் நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி கேட்டபோது, முடியாது என்றது உயர் நீதிமன்றம். பழைய முறைக்குத் திரும்ப வழிசெய்யும் தனிநபர் சட்டமூலங்கள் வந்தன, நின்றன. இடையில் 2018 ஒக்டோபரில் வடமேல் சபையின் ஆயுள் முடிந்தது. 1988, 1993, 1999, 2004, 2009, 2013 என்று ஆறு தேர்தல்களைக் கண்ட சபை. அவற்றில் 1999ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குக் கொள்ளைக்கும் அடிதடிக்கும் நாடு முழுவதும் உதாரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் தேர்தலைக்கூட இப்போது ஏக்கத்தோடு நினைக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

அந்த ஒக்டோபர் மாதத்தைப் புத்தளம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காட்டில் கொண்டுவந்து கொட்டும் திட்டத்துக்கு எதிராக மக்கள் நகரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிய பருவம் அது. ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் நூறு நாளையும் தாண்டி ஒரே பந்தலில் இருந்தார்கள். மாகாண சபை இருந்திருந்தால் அந்தக் குப்பை வராமல் போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கொழும்பு நினைத்தால் சபையையும் தாண்டியிருக்கும். ஆனால் அந்தப் பந்தலில் இருந்தவர்களுக்காகச் சபையில் எழுந்து ஒரு பிரேரணை கொண்டுவர அந்த மாதத்தோடு ஆள் இல்லாமற் போனார்.

இப்போது குருநாகலில் ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுச் செயலாளர்கள் இருக்கிறார்கள். மாகாண நிதியை ஆளுநரே அங்கீகரிக்கிறார். மாகாணச் சுற்றாடல் அதிகாரசபை 1990இன் நியதிச் சட்டத்தின் கீழ் வழக்கம்போல அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, புதுப்பிக்கிறது, மறுக்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது கருவண்டு இறால் வளர்த்தவர்கள் இன்று வனாமி வளர்க்கிறார்கள். அன்று தென்னையும் மணலுமாக இருந்த நுரைச்சோலையில் இன்று 900 மெகாவாற் அனல் மின் நிலையம் நிற்கிறது. அதன் புகையையும் சாம்பலையும் பற்றிய முறைப்பாடும் அந்த 1990இன் சட்டத்தின் முன்னால்தான் போய் நிற்கிறது. கற்பிட்டியில் காற்றாலைகள் சுழல்கின்றன, சுற்றுலா விடுதிகள் வரிசையாக எழும்பிவிட்டன. சட்டத்துக்கு உட்பட்ட கரை இப்படி மாறிவிட்டது. சட்டத்தில் ஒரு வரியை மாற்றக்கூடியவர்கள் 2018க்குப் பின் இல்லை. நியதிச் சட்டம் ஆக்கவும் திருத்தவும் அரசமைப்பு அதிகாரம் கொடுத்திருப்பது சபைக்கு, ஆளுநருக்கு அல்ல. கொழும்பு அந்த விடயத்தைக் கையிலெடுக்க நினைத்தாலும் முதலில் மாகாண சபைகளைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேட்பதற்கு ஒரு மாகாணத்திலும் சபை இல்லை.

கரையோர மீன்பிடியும் அப்படித்தான். ஆட்புல எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடி கொழும்புக்கு உரியது. அதற்கு உட்பட்டது இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. புத்தளம் களப்பில் எந்த வலை, எந்தக் கண்ணளவு, எந்தப் பருவம் என்பதைக் களப்பை அறிந்த ஒருவர் குருநாகலில் முன்மொழியலாம் என்பதுதான் அந்தப் பொதுமையின் அர்த்தமாக இருந்திருக்க வேண்டும். சபை இருந்த முப்பது ஆண்டிலும் அது பெரிதாக நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்பதும் நடக்க முடியாது என்பதும் ஒன்றல்ல.

பாராளுமன்றத்தில் புத்தளம் மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள் உண்டு. தொகுதி முறை இருந்த காலத்தில் இஸ்மாயிலையும், பின்னர் நிதி அமைச்சராக உயர்ந்த நெய்னா மரிக்காரையும் அனுப்பிய நகரம், விகிதாசார முறை வந்த பின் நெடுங்காலம் தன் ஆளை நேரடியாகத் தெரிந்து அனுப்ப முடியாமல் தவித்தது. 2020இல் முஸ்லிம் கட்சிகள் தராசுச் சின்னத்தில் ஒன்றுசேர்ந்து நின்றபோதுதான் ஓர் ஆசனம் கிடைத்தது. கொழும்பில் குரல் தேய்ந்த அந்தக் காலத்தில் குருநாகல் ஒரு மாற்று வழியாக இருந்தது. இப்போது அதுவும் இல்லாததால், களப்போரக் கிராமமொன்றின் குறை பிரதேச செயலகத்தில் தொடங்கி நேராகக் கொழும்பு அமைச்சொன்றின் வாசலில் போய் முடிகிறது. நடுவில் தங்க இடமில்லை.

2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நகரத்திலும் பிரதேசங்களிலும் சபைகள் கூடின. மாகாணத்துக்கு மட்டும் திகதி வரவில்லை. வேட்பாளர் பட்டியலில் 30 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்டதே அந்த 2017 செப்டெம்பர்ச் சட்டமூலம், அதன்படி எந்த மாகாணத்திலும் இன்னும் ஒரு வேட்புமனுகூடத் தாக்கல் செய்யப்படவில்லை.